அக்கா கல்யாணத்துக்குத் தம்பியே படம் எடுத்தால் போதாதா?

கேள்வி: என் மகளுக்கு வரும் தை மாதம் கல்யாணம். திண்டுக்கல்லில் மண்டபம். முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 4.30 முதல் 6 மணி வரை முகூர்த்தம். அறுநூறு பேர் வருவார்கள். போட்டோ, வீடியோவுக்கு ஒரு ஸ்டுடியோவில் 95,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு போட்டோகிராபர், இரண்டு வீடியோகிராபர், அவுட்டோர் ஷூட், ட்ரோன், எல்.இ.டி. வால், 40 ஷீட்டில் இரண்டு ஆல்பம் எல்லாம் அதில் அடக்கம். என் மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு வருடமாகக் கேமரா வைத்திருக்கிறான், நன்றாகவே எடுப்பான். "எதுக்கும்மா அவ்வளவு காசு? இருபதாயிரம் கொடு, ஒரு லென்ஸ் வாங்கிக்கிறேன், அக்கா கல்யாணத்தை நானே எடுக்கிறேன்" என்கிறான். அவன் அப்பாவும் சரி என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

அம்மா, வணக்கம்.

நான் கல்யாணப் படம் எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதற்குமுன் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்யாணத்துக்குத் தொழில் செய்கிற ஒரு போட்டோகிராபரை வையுங்கள். ஆனால் அந்த 95,000 ரூபாயில் நிறைய உங்களுக்குத் தேவையே இல்லாதது, அதைக் குறைக்கலாம். தம்பியின் கேமராவையும் பீரோவில் பூட்ட வேண்டாம். அதற்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

தம்பி நன்றாக எடுப்பான் என்கிறீர்கள், நம்புகிறேன். இந்த வயதுப் பிள்ளைகள் எடுக்கும் படங்களைப் பார்க்கிறேன், நல்ல கண் இருக்கிறது. நான் கேட்பது வேறு. அன்று காலை நாலரை மணிக்கு அவன் எங்கே இருக்க வேண்டும்?

அவன் பெண்ணின் தம்பி. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வருவது அவன். மோதிரம் போடுவது அவன். ஓமம் வளர்க்கும் வீடுகளில் அக்காவின் கையில் பொரியை அள்ளிப் போடுவதும் அவன்தான். வீட்டுக்கு வீடு வழக்கம் கொஞ்சம் மாறும். ஆனால் மைத்துனனுக்கு வேலையே இல்லாத ஒரு முகூர்த்தத்தை நான் பார்த்ததில்லை. சடங்கு போக, ஐயர் திடீரென்று கேட்கும் நெய்க்கு ஓடுவது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குக் காபி போனதா என்று பார்ப்பது, பந்திக்குக் கூப்பிடுவது என்று வீட்டுப் பையனை எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கழுத்தில் கேமராவோடு அவன் எந்தப் பக்கம் போவான்? ஓடினால் படம் போகும், ஓடாவிட்டால் "தம்பி எங்கே?" என்று மேடையிலிருந்து குரல் வரும்.

அதைவிட முக்கியம், தாலி ஏறும்போது அவன் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஃபோகஸ் சரியாக விழுந்ததா, ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்து மூடும் வேகம்) போதுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவனால் அந்த நேரத்தை முழுசாக அனுபவிக்க முடியாது. வீட்டுப் பிள்ளை படம் எடுத்த கல்யாண ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குடும்பப் படத்திலும் ஒரு ஆள் குறையும். உங்கள் மகளின் கல்யாண ஆல்பத்தில் அவள் தம்பி இல்லாமல் இருக்கக் கூடாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் இருபதாயிரத்தில் முடிகிற வேலைக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள், அதற்கும் பதில் வேண்டுமே.

முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம் என்றாலும் தாலி கட்டுவது சில விநாடிதான். கெட்டிமேளம் தொடங்கிய கணத்தில் மண்டபமே எழுந்து நிற்கும். மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும். முதல் முடிச்சு அவர் போட்டதும் மற்ற இரண்டையும் போட நாத்தனார் பின்னால் குனிவார். முன்வரிசையில் இருப்பவர்கள் போனை நீட்டிக்கொண்டு மேடையோரம் வந்துவிடுவார்கள். நாலு பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கும். கேமராவின் ஆட்டோஃபோகஸ், முகத்தை விட்டுவிட்டுப் பறக்கும் அரிசியைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். "ஒரு நிமிஷம், இன்னொரு தடவை கட்டுங்க" என்று யாரிடமும் கேட்க முடியாது.

இந்தச் சில விநாடிக்கான வேலை அரை மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிடும். ஐயரிடம் போய், பெண்ணும் மாப்பிள்ளையும் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள், தாலி கட்டும்போது நிற்பார்களா உட்கார்ந்திருப்பார்களா என்று கேட்டுக்கொள்வோம். மேடையில் எந்த மூலையில் நின்றால் இரண்டு முகமும் தாலியும் சேர்ந்து தெரியும் என்று பார்த்து, அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வோம். குத்துவிளக்கு மறைத்தால் ஒரு முழம் நகர்த்திவைக்கச் சொல்லி அனுமதி கேட்போம். வீடியோக்காரரோடு பேசி, அவர் எங்கே, நாம் எங்கே என்று முடிவு செய்துகொள்வோம். இன்னொருவர் எதிர் மூலையில் நின்று உங்கள் முகத்தையும் உங்கள் கணவர் முகத்தையும் எடுப்பார். தாலி ஏறும்போது பெண்ணின் அப்பா முகம் எப்படி இருந்தது என்று அன்றைக்கு யாரும் கவனிப்பதில்லை. ஆல்பம் வந்த பிறகு எல்லோரும் தேடுவது அந்தப் படத்தைத்தான்.

வெளிச்சத்தைப் பற்றித் தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள், அவனுக்குப் புரியும். தை மாதத்தில் உங்கள் ஊரில் சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் வரும். ஆக, முகூர்த்தம் முழுவதும் மண்டபத்து விளக்கில்தான். மேடையில் மஞ்சள் பல்பு, வீடியோக்காரரின் வெள்ளை எல்.இ.டி., டெக்கரேஷன்காரர் வைத்த ஊதா விளக்கு என்று மூன்று நிறம் ஒரே முகத்தில் விழும். மஞ்சளையும் வெள்ளையையும் பிறகு கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்யலாம். முகத்தில் ஊதா விழுந்தால் தோலின் உண்மையான நிறமே அந்தப் படத்தில் பதிவாகியிருக்காது, திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அனுபவமுள்ளவர் முகூர்த்தம் தொடங்கும் முன்பே டெக்கரேஷன்காரரைப் பார்த்து அந்த விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவார். காசே செலவாகாத இந்த ஒரு வார்த்தை பல ஆயிரம் ரூபாய் லென்ஸ் செய்யாததைச் செய்யும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் சுற்றுக்கு இரண்டு முறையாக விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஷட்டர் ஸ்பீடை ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஸ்பீடை இறக்கினால் கோடு போகும், ஆனால் தாலி கட்டும் கை அசைந்து மங்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது அந்த மண்டபத்து விளக்கைப் பார்த்து எடுக்கும் முடிவு. ஓமப்புகை வேறு. கேமரா மேலிருக்கும் ப்ளாஷை நேராக அடித்தால் புகை வெள்ளைத் திரையாக எழும்பி, பின்னாலிருக்கும் முகங்களை மறைத்துவிடும். அதனால் தனி ப்ளாஷைப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைப்போம். அரக்குப் பட்டு, சிவப்புக் கூரைப்புடவை எல்லாம் கேமராவுக்குச் சிரமமான நிறங்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் நெசவே தெரியாமல் ஒரே சிவப்பாகப் பூசிக்கொள்ளும். ஜரிகையோ ப்ளாஷ் பட்டால் வெள்ளையாக அடிக்கும். நீங்கள் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த புடவை படத்தில் புடவையாகவே தெரிய வேண்டும், இல்லையா?

கேமராவோடு வந்த 18-55 லென்ஸைத்தான் தம்பி வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அதுதான் இருக்கும். அதை ஜூம் செய்தால் எஃப் 5.6. எஃப் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்ற அளவு, எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம். நாங்கள் கல்யாணத்துக்குப் பிடிக்கிற லென்ஸ்கள் எஃப் 2.8, அதே இடத்தில் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இருபதாயிரத்தில் அவன் ஒரு நல்ல லென்ஸ் வாங்கிவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேமரா ஒன்றுதான் இருக்கும். அடிப்படை மாடல்களில் மெமரி கார்டு போடும் இடமும் ஒன்றுதான். தொழில் செய்கிறவர் இரண்டு கேமரா கொண்டுவருவார், ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும்படி வைத்திருப்பார், அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பார். கார்டு கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. ஆனால் உங்கள் மகளின் முகூர்த்தத்தில் அது நடந்தால் பொறுப்பு யாருடையது? காசு வாங்கிக்கொண்டு வந்தவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இருபது வயதுப் பிள்ளையின் தோளில் அதை ஏற்றாதீர்கள்.

நீங்கள் நன்றாகச் சமைக்கிறவர்தான். ஆனாலும் அறுநூறு பேருக்குப் பந்தி என்றதும் சமையல் மாஸ்டரைத்தான் தேடியிருப்பீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதால் இல்லை, அன்று நீங்கள் அடுப்படியில் நிற்கக் கூடாது என்பதால். இதுவும் அதுபோலத்தான்.

வரவேற்பு மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மூன்று மணி நேரம் வரிசை நிற்கும். யார் பெரியப்பா, யார் அலுவலக நண்பர், யாரைத் தம்பதி சகிதமாகத் தனியாக நிறுத்தி எடுக்க வேண்டும், எந்த இரண்டு குடும்பங்களை அருகருகே நிறுத்தக் கூடாது என்றெல்லாம் உண்டு. "எங்க குடும்பத்தை ஒரு போட்டோகூட எடுக்கல" என்ற வருத்தம் நம் வீடுகளில் பத்து வருடம் கழித்தும் எழும். மாப்பிள்ளை வீட்டார் அப்படிச் சொன்னால் அந்தப் பழி தம்பியின் தலையில் விழும், அது உங்கள் மகளின் காதிலும் விழும். போட்டோகிராபரிடம் தவறு நேர்ந்தால் அவரைத் திட்டிவிட்டுப் போகலாம். சம்பந்தி வீட்டோடு அப்படிப் போக முடியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, நீங்கள் யாரை வைத்தாலும் செய்யுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டிய குடும்பங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இருபது வரிக்கு மேல் போக வேண்டாம். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், முகம் தெரிந்தவராகப் பார்த்து மேடைக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். போட்டோகிராபருக்கு உங்கள் சித்தப்பாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தாத்தா பாட்டி இருந்தால், கூட்டம் சேரும் முன்பே ஒவ்வொருவரையும் நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்துத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பட்டுப் புடவையோடு, புது வேட்டியோடு, முகத்தில் சந்தோஷத்தோடு அவர்கள் இருக்கும் நாள் அது. பின்னால் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் தேடி, கல்யாணக் கூட்டத்துப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரச் சொல்லி எத்தனையோ குடும்பங்கள் எங்களிடம் வருகின்றன. வெட்டிப் பெரிதாக்கினால் முகம் கலங்கித்தான் தெரியும். அன்று இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். அந்த 95,000 பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு பேனாவால் அடியுங்கள். ட்ரோன் வேண்டாம். உங்கள் முகூர்த்தம் மண்டபத்துக்குள், இருட்டில். ட்ரோன் எதைக் காட்டப் போகிறது? எல்.இ.டி. வால் வேண்டாம். மேடைக்கு இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே மேடையைப் பெரிதாகக் காட்டும் செலவு அது. அவுட்டோர் ஷூட், பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசைப்பட்டால் மட்டும். ஆசைப்பட்டாலும் அதைத் தம்பி எடுக்கட்டும். நேரம் இருக்கிறது, பகல் வெளிச்சம் இருக்கிறது, சரியாக வராவிட்டால் இன்னொரு நாள் போகலாம். இரண்டு ஆல்பத்துக்குப் பதில் ஒன்று, 40 ஷீட்டுக்குப் பதில் 30. சம்பந்தி வீட்டுக்கு வேண்டுமென்றால் அதே டிசைனில் சிறிய அளவில் ஒரு பிரதி போடச் சொல்லுங்கள். வீடியோவுக்கு ஒரு ஆள் போதும்.

அடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு வரும் இரண்டாவது போட்டோகிராபர். செலவைக் குறைக்க வேண்டுமென்றதும் முதலில் இவரைத்தான் எடுக்கச் சொல்வார்கள். மேடையில் தாலியும் எதிரில் உங்கள் முகங்களும் ஒரே கேமராவில் வராது. அவர் அவசியம் வேண்டும். கேண்டிட் (நிற்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது) என்று பெரிய பெயர் வைத்துத் தனி விலை சொன்னாலும், நீங்கள் கேட்பது இதுதான் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இப்படி அடித்த பிறகு கேட்டால் விலை நன்றாகவே இறங்கும். அதற்குக் கீழே பேரம் பேசாதீர்கள். நீங்கள் பார்ப்பது இரண்டு நாள் வேலை. கல்யாணம் முடிந்ததும் மூவாயிரம், நாலாயிரம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்து, மீதியை நிறம் திருத்தி, ஆல்பம் டிசைன் செய்து, லேபுக்கு அனுப்பி வாங்குவது வாரக்கணக்கில் போகும். உதவியாளர் சம்பளம், வாடகைக்கு எடுக்கும் லைட், வண்டிச் செலவு எல்லாம் அதற்குள்தான். ரொம்பவும் இறக்கினால் முதலில் அடி வாங்குவது நீங்கள் பார்க்காத வேலைதான்: நிறம் திருத்தாத படங்கள், அனுபவமில்லாத உதவியாளர், மலிவான தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைத்த விலைகூடக் கைக்கு மீறினால், வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்காதீர்கள். அவுட்டோரும் வீடியோவும் இல்லாமல், முகூர்த்தத்துக்கு மட்டும் ஒரு நல்ல ஆளை அரை நாளுக்கு வைத்து, ஆல்பத்தை ஆறு மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். படம் இருந்தால் ஆல்பம் எப்போது வேண்டுமானாலும் போடலாம். நாளை வளைகாப்பு, வீட்டளவில் காதுகுத்து என்று முப்பது பேர் கூடும் விசேஷம் வந்தால் தம்பியே தாராளமாக எடுக்கட்டும். அதற்கெல்லாம் ஆள் வைக்கச் சொல்ல மாட்டேன்.

யாரை வைப்பது? இன்ஸ்டாகிராமில் இருக்கும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவை பல கல்யாணங்களில் இருந்து பொறுக்கி எடுத்த நல்ல படங்கள். ஏதாவது ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் விடியற்காலை முகூர்த்தமாக இருக்கட்டும். மாலை போடும் படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல், நடுவில் வரும் சாதாரணப் படங்களைப் பாருங்கள்: பந்தி, பெரியவர்கள், குடும்ப வரிசை. அவை தெளிவாக இருந்தால் ஆள் நல்லவர். அன்று நேரில் வருவது யார் என்று கேளுங்கள். முகூர்த்த நாட்களில் ஒரே ஸ்டுடியோ மூன்று நான்கு கல்யாணம் ஒப்புக்கொண்டு, ஆட்களை வெளியிலிருந்து எடுத்து அனுப்புவது சகஜம். அதில் தப்பில்லை, ஆனால் வரப்போகிறவர் எடுத்த ஆல்பத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு அன்று காய்ச்சல் வந்தால் யார் வருவார் என்றும் கேட்டுவையுங்கள்.

ஆல்பத்தைப் பார்க்கும்போது பெண்களின் முகநிறத்தைக் கூர்ந்து பாருங்கள். என் தொழிலில் என்னை அதிகம் வருத்துவது இது. மாநிறப் பெண்ணை, கறுத்த பெண்ணை ஆல்பத்தில் வெளுக்க வைத்து, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக ஆக்கி, தோலை வழவழவென்று பூசிக் கொடுக்கிறார்கள். கேட்டால் "வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள்" என்பார்கள். உங்கள் மகள் எப்படி இருக்கிறாளோ அப்படியே வர வேண்டும், முகத்தை வெளுக்கக் கூடாது, மச்சத்தை எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவளுடைய மகள் நாளை அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது தன் அம்மாவைத்தான் பார்க்க வேண்டும். கறுப்புத் தோலுக்கு அழகாக வெளிச்சம் வைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். என்ன நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், எத்தனை ஷீட், எந்தத் தேதிக்குள் படம், எந்தத் தேதிக்குள் ஆல்பம். ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஸ்டுடியோ என்றால் இதற்கு 18 சதவீதம் வரும். சொன்ன விலை அதையும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். முழுப் பணத்தையும் கல்யாணத்தன்றே கொடுத்துவிடாதீர்கள். ஆல்பம் கைக்கு வரும்போது கொடுக்க ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். நியாயமான போட்டோகிராபர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

எல்லாப் படங்களும் சாஃப்ட் காப்பியாக, முழு அளவில் உங்களுக்கு வர வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோதான் வாங்க வேண்டும். இந்தப் படங்களின் பதிப்புரிமை சட்டப்படி உங்களுடையது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்பதைக் கவனியுங்கள். ஸ்டுடியோ கொடுக்கும் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்று இருக்கலாம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்மதமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சம்மதமில்லையென்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லலாம்.

சொன்னபடி வராமல் போனாலோ, பணத்தை வாங்கிக்கொண்டு ஆல்பம் தராமல் இழுத்தடித்தாலோ, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் கையில் தாள் இருந்தால்தான் பேச்சு எடுபடும். அந்தத் தாளுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இனி தம்பி. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை மனம் நொந்துபோவான். அக்காவுக்குத் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்டிருக்கிறான், லென்ஸ் ஒரு சாக்கு. எங்களால் எடுக்கவே முடியாத படங்கள் சில இருக்கின்றன, அவற்றை அவனிடம் ஒப்படையுங்கள். முகூர்த்தக்கால் நடும் நாள். நலங்கு வைக்கும்போது அத்தைமார்கள் பேசும் கேலி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா தன் அலமாரியைக் காலி செய்வது. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து சீர்த் தட்டுக்கு எண்ணிக்கை போடுவது. அப்பா பத்திரிகைக்கட்டோடு வெயிலில் வீடு திரும்புவது. நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் தலையைச் சீவிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். அவன் எடுத்தால் யாரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அந்தப் படங்களுக்கு ஆல்பத்தின் முதல் ஐந்தாறு ஷீட்டை ஒதுக்கச் சொல்லி, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பத்தாயிரம் ரூபாய் அளவில் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்திலேயே அருமையாக எடுக்கலாம், அவனுக்குப் பல வருடம் உழைக்கும். வரவேற்பன்றும் எடுக்க ஆசைப்பட்டால், போட்டோகிராபரிடம் முன்பே பேசி அனுமதி வாங்கட்டும், அவருக்கு முன்னால் போய் நிற்காமல் இருக்கட்டும். பல பேர் சந்தோஷமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியும் கொடுப்பார்கள். முகூர்த்தத்தன்று மட்டும் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். வேட்டி கட்டி, அக்காவுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அன்று அவன் வேலை.

கல்யாணத்துக்குப் பிறகு நடக்கும் ஒரு தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆல்பங்கள் வருடக்கணக்கில் நின்றுபோவதற்கு ஸ்டுடியோ காரணமாக இருப்பதில்லை, வீட்டில் யாரும் படம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவாள், மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார், எண்ணூறு படம் கம்ப்யூட்டரிலேயே தூங்கும். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டல் செய்தது. நூறு வருடத்துக்கு முந்தைய குடும்பப் படங்களும் அதில் உண்டு. அவை கிடைத்ததே, தாளில் அச்சாகிச் சுவரிலும் பெட்டியிலும் இருந்ததால்தான். ஹார்ட் டிஸ்க்கை அப்படி நம்ப முடியாது, சும்மா வைத்திருந்தாலும் ஒருநாள் ஓடாமல் போகும். அதனால் மறுவீடு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் உங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதற்குள் படங்களைப் பார்க்கக் கொடுக்க முடியுமா என்று போட்டோகிராபரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே கேளுங்கள். திருத்தாத படங்களாகவாவது கொடுப்பார். 30 ஷீட்டுக்கு நூற்றைம்பது படம் போதும், அதற்கு மேல் போனால் எல்லாம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். தேர்ந்தெடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் இன்னொன்றை மகள் வீட்டிலும் வையுங்கள்.